புதுப்பிப்பு: பங்கூஸ் பிஸ்டெக்கில் கசந்த சாறும் வாணலியில் ஒட்டிய தோலும்

பிலிப்பைன்ஸ் உணவான பங்கூஸ் பிஸ்டெக்கில், பொரித்த பங்கூஸ், அதாவது பால்கெண்டை மீனின் மேல் ஊற்றும், சோயா சாஸும் கலமான்சி என்ற சிறு எலுமிச்சை போன்ற பழத்தின் சாறும் கலந்த குழம்பு ஏன் கசக்கிறது, மீன்தோல் ஏன் வாணலியில் ஒட்டுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கசப்பைப் போக்கியது, கலமான்சியைக் கொதிக்கவிடாமல் அடுப்பை அணைத்த பிறகே சேர்க்கச் சொன்ன யோசனைதான். சோயா சாஸ், தண்ணீர், நசுக்கிய பூண்டு, மிளகு ஆகியவற்றை மட்டும் முதலில் கொதிக்கவிட்டு, வட்டமாக நறுக்கிய வெங்காயம் பாதி வெந்ததும் இறக்கி, விதை நசுங்காமல் பிழிந்து வடிகட்டிய கலமான்சிச் சாற்றைக் கலந்தபோது புளிப்பும் மணமும் குறையாமல் நின்றன. சர்க்கரை சேர்க்கும் யோசனை கசப்பை மறைத்ததே தவிர நீக்கவில்லை.

தோல் ஒட்டாமலிருக்க, துண்டுகளை ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் நன்கு காய்ந்தபின் இட்டு, அடிப்புறம் சிவந்து தானாக விடுபடும்வரை திருப்பாமல் விட்டாலே போதும், மாவு தேவைப்படவில்லை.

எதிர்பாராதது ஒன்று: இந்த மீனின் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகுதியாக இருப்பதால், அது உருகும்போது எண்ணெய் கடுமையாகத் தெறிக்கிறது. மூடியைச் சற்றே சாய்த்து வைத்துக்கொள்வது நல்லது. முழுதாக மூடினால் நீராவி தங்கி, மொறுமொறுப்பு போய்விடும்.