புது பெயிண்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி: அவுட்போர்டு இன்ஜினுக்கு என்ன ஆயிற்று?

பொங்கோல்_தூண்டில்:
வணக்கம். நானும் மச்சானும் சேர்ந்து வாங்கிய 19 அடி படகு, 90 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் இன்ஜின்). ஜோகூர் நீரிணைப் பக்கம் ஒரு மரினாவில் தண்ணீரிலேயே நிற்கிறது. வாரக் கடைசியில் புலாவ் உபின் தீவைச் சுற்றி மீன் பிடிப்பதோடு சரி. சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் கொடுத்து, ப்ரொப்பெல்லர் இருக்கும் கீழ்ப்பகுதிக்குப் பெயிண்ட் அடித்தோம். 10 மாதம்கூட ஆகவில்லை, கடுகு கடுகாகக் கொப்புளம். நகத்தால் சுரண்டினால் விபூதி மாதிரி வெள்ளைப் பொடி கொட்டுகிறது. துருவை எடுத்துவிட்டு மறுபடி அடித்தால் போதுமா?

சாங்கி_அலை:
ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் ஃப்ளஷ் செய்கிறீர்களா? நான் 15 நிமிடம் விடுவேன். இங்கே பாதிப் பேர் கரைக்கு வந்ததும் மீனைத்தான் கழுவுகிறார்கள்.

பொங்கோல்_தூண்டில்:
செய்கிறோம் ப்ரோ, தவறியதே இல்லை.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, அது துரு இல்லை. இரும்புதான் துருப்பிடிக்கும். உங்கள் இன்ஜினின் உடம்பு அலுமினியம். அது அரித்தால் வெள்ளைப் பொடிதான் வரும். ஃப்ளஷ் செய்வது உள்ளே ஓடும் தண்ணீர்ப் பாதைக்கு. வெளியே அரிப்பதற்குக் காரணம் வேறு. மூன்று கேள்வி: ப்ரொப்பெல்லர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? கரையிலிருந்து கரன்ட் எடுக்கிறீர்களா? அனோடு, அதாவது இன்ஜினில் மாட்டியிருக்கும் அந்த உலோகக் கட்டி, எப்படி இருக்கிறது?

பொங்கோல்_தூண்டில்:
ஸ்டெயின்லெஸ்தான் அண்ணே. பேட்டரி சார்ஜர் வாரம் முழுக்கச் செருகியபடியே இருக்கும். அனோடு நன்றாக இருக்கிறது, வாங்கியபோது இருந்த மாதிரியே.

பழைய_ஸ்பேனர்:
அதுதான் வியாதியே! அனோடு கரைய வேண்டும், அதற்குத்தான் அதை மாட்டுவது. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் ஒட்டியிருந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி. மட்டமான உலோகம், அதாவது இரண்டில் எளிதாக அரிக்கக்கூடியது, கரையும். ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பக்கத்தில் அலுமினியம் மட்டம். அதைவிட மட்டமான அனோடு இருந்தால் அடியை அது வாங்கிக்கொள்ளும். உங்களுடையது வாங்கவில்லை என்றால் இன்ஜினோடு தொடர்பே இல்லை என்று அர்த்தம். பெயிண்ட் அடித்தவர் அனோடு உட்காரும் இடத்துக்கும் சேர்த்து அடித்திருப்பார். மல்டிமீட்டரின் ஒரு முனையை அனோடிலும், மறுமுனையை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்துப் பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

அந்த சார்ஜரையும் பிடுங்குங்கள். எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு நீங்களும் சேர்ந்துவிடுகிறீர்கள். அவர்களுடைய வெண்கல ப்ரொப்பெல்லருக்கு உங்கள் இன்ஜின் அனோடாக நிற்கிறது. சார்ஜர் வேண்டியே வேண்டும் என்றால் எர்த் கம்பியில் கால்வானிக் ஐசொலேட்டர் போடுங்கள், அந்த வழியாக ஓடும் அரிப்பு மின்னோட்டத்தை அது தடுக்கும்.

சாங்கி_அலை:
இடையில் ஒரு சந்தேகம். எல்லாரும் துத்தநாக அனோடுதான் விற்கிறார்கள். இந்தப் பக்கம் அது சரியா?

பழைய_ஸ்பேனர்:
திறந்த கடலுக்குச் சரி. கிழக்குப் பக்கம் ஜோகூர் ஆற்றுத் தண்ணீர் வந்து கலக்கிறது. டிசம்பர் மழையில் உப்பு இன்னும் குறையும். உப்பு குறைந்த தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் படிந்து அது தூங்கிவிடும். அலுமினிய அனோடு இரண்டிலும் வேலை செய்யும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும்.

பொங்கோல்_தூண்டில் (நான்கு நாள் கழித்து):
மீட்டரில் அசைவே இல்லை! கழற்றிப் பார்த்தால் அனோடுக்குப் பின்னால் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். பல நூறு வெள்ளி வாங்கிக்கொண்டு செய்த வேலை இது. அந்த இடத்தைச் சுரண்டி உலோகம் தெரியவைத்து அலுமினிய அனோடு மாட்டினேன், மீட்டர் 0.3 ஓம் காட்டுகிறது. கொப்புளத்தையும் எடுத்துவிடலாமா? இரும்புப் பிரஷ் இருக்கிறது.

பழைய_ஸ்பேனர்:
இரும்புப் பிரஷ் வேண்டாம், துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கேயே மறுபடி அரிக்கும். நைலான் பிரஷ், உப்புத்தாள், அப்புறம் அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சு). செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயிண்டை இன்ஜின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அனோடு மேல் எந்தப் பெயிண்டும் படக்கூடாது. டேப் ஒட்டிக்கொண்டு அடியுங்கள்.

பொங்கோல்_தூண்டில்:
சரி அண்ணே, மிக்க நன்றி. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்: இன்ஜினைப் படகில் மாட்டும் பிராக்கெட் பக்கம் இருந்த இன்னொரு அனோடைக் கழற்றும்போது போல்ட் தலை உடைந்து, தண்டு உள்ளேயே நின்றுவிட்டது. மச்சான் சுத்தியலோடு வந்துகொண்டிருக்கிறான். அவன் வருவதற்குள் யாராவது வழி சொல்லுங்கள்.