லினக்ஸில் பேட்டரி 735 வாட் காட்டுகிறது, லோடு கூடினால் குறைகிறது

கேள்வி:
லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றியதும் பவர்_நவ் கோப்பில் (பேட்டரியின் தற்போதைய மின்செலவை லினக்ஸ் காட்டும் இடம்) 734921000 வருகிறது. மைக்ரோவாட் கணக்கில் 735 வாட்! அப்போது வோல்டேஜ்_நவ் 11412000 (மைக்ரோவோல்ட்). லோடு ஏற்ற கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கம்பைல் ஓடவிட்டால் ஏறாமல் 712503000-க்கு இறங்குகிறது, வோல்டேஜ் 11287000. மீதி நேரம் 4 நிமிடம் என்கிறது. சார்ஜ் ஏறும்போது எல்லாம் சரி. பேட்டரியை மாற்ற வேண்டுமா?

பதில் 1:
மாற்றாதீர்கள், பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. பவரை வோல்டேஜால் வகுத்துப் பாருங்கள்: 64.399 ஆம்பியர். அதை 65.536-லிருந்து கழித்தால் 1.137. உண்மையான செலவு அவ்வளவுதான், சுமார் 13 வாட். கம்பைல் எண்ணையும் இதே போல வகுத்தால் 2.41 ஆம்பியர், 27 வாட்.

பேட்டரிக்குள் உள்ள சிப் மின்னோட்டத்தை 16 பிட் எண்ணாகத் தருகிறது. ஏறும்போது பிளஸ், இறங்கும்போது மைனஸ். −1137 மில்லிஆம்பியரைக் குறி பார்க்காமல் படித்தால் 65536 − 1137, அதாவது 64399. உங்கள் பயாஸ் (மதர்போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்) அதை அப்படியே வோல்டேஜால் பெருக்கிவிட்டது. லோடு கூடக் கூட எண் குறைவதும் இதனால்தான்.

கேட்டவர்:
நன்றி. ஆனால் கர்னலின் ஏசிபிஐ (பயாஸும் கர்னலும் பேசிக்கொள்ளும் முறை) பேட்டரி டிரைவரிலேயே நெகட்டிவ் மதிப்பைத் திருத்தும் வரிகள் இருக்கின்றனவே, அவை ஏன் வேலை செய்யவில்லை? டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) எச்சரிக்கையும் இல்லை.

பதில் 1:
அந்தத் திருத்தம் பேட்டரி மில்லிஆம்பியர் அலகில் பேசினால் மட்டுமே. லேப்டாப் பேட்டரியில் 32.768 ஆம்பியருக்கு மேல் ஓடாது, அதனால் அங்கே துணிந்து குறியை மாற்றலாம். மில்லிவாட்டில் அப்படி முடியாது. 33 வாட், 45 வாட் எல்லாம் அன்றாடம் வரும் மதிப்புகள். சார்ஜ்_நவ் கோப்பு இருந்தால் மில்லிஆம்பியர், எனர்ஜி_நவ் இருந்தால் மில்லிவாட். உங்களுடையது இரண்டாவது.

முதலில் பயாஸ் அப்டேட் வந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிஎஸ்டிடி அட்டவணையை (பயாஸ் கர்னலுக்குத் தரும் முக்கிய ஏசிபிஐ நிரல்) திருத்த வேண்டும். ஏசிபிஐடம்ப் கருவியால் அட்டவணைகளை எடுத்து, ஐஏஎஸ்எல் கம்பைலர் கொண்டு படிக்கக்கூடிய நிரலாகப் பிரியுங்கள். எஸ்எஸ்டிடி (துணை அட்டவணை) கோப்புகளையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் வெளி மெத்தடுகளுக்கு எத்தனை ஆர்குமென்ட் என்று அது ஊகிக்கும், திரும்பக் கம்பைல் செய்யும்போது பிழையாகக் கொட்டும். பேட்டரி நிலையைத் தரும் _பிஎஸ்டி மெத்தடில் வோல்டேஜால் பெருக்கி 1000-ஆல் வகுக்கும் இடத்தைத் தேடுங்கள். பெருக்கலுக்கு முன்னால், மின்னோட்டம் 32768 அல்லது அதற்கு மேல் என்றால் 65536-லிருந்து கழிக்கச் சொல்லுங்கள். பெருக்கிய பிறகு கழித்தால் பயனில்லை.

பதில் 2:
இரண்டு இடத்தில் பலரும் மாட்டிக்கொள்வார்கள். பிரித்த நிரலின் தொடக்கத்தில் உள்ள டெஃபினிஷன்பிளாக் வரியின் கடைசி எண்தான் ஓஇஎம் ரிவிஷன் (தயாரிப்பாளரின் பதிப்பு எண்); அதை ஒன்றாவது கூட்டாவிட்டால் கர்னல் புது அட்டவணையைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். அடுத்து, அட்டவணை உள்ள சிபிஐஓ (பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டும் வகை) கோப்பு அமுக்கப்படாமல், பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு முன்னால் இருக்க வேண்டும். செக்யூர் பூட் லாக்டவுன் (கர்னலில் மாற்றங்களைத் தடுக்கும் பூட்டு) இருந்தால் இந்த வழியே நடக்காது.

கேட்டவர்:
ரிவிஷனைக் கூட்டியதும் ஏற்றுக்கொண்டது. சும்மா இருக்கையில் 12.8 வாட், கம்பைலில் 27-ஐத் தாண்டுகிறது. மீதி நேரம் மூன்றே முக்கால் மணி.

பதில் 2:
அருமை. பின்னால் பயாஸ் அப்டேட் போடுவதாக இருந்தால், முதலில் இந்த சிபிஐஓவை எடுத்துவிடுங்கள். பழைய அட்டவணையில் பழைய நினைவக முகவரிகள் இருக்கும். புது பயாஸோடு சேர்ந்தால் மெஷின் பூட் ஆகாமலே போகலாம்.