மகள் பெரியபிள்ளையானபோது ஊரே வந்தது, மகனுக்கு யார் சொல்வது?

கேள்வி: படுவான்கரைத் தாய்

வணக்கம். நாங்கள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். கணவர் கட்டாரில் இருக்கிறார். மகனுக்கு 13 வயது, தரம் 8. மகளுக்கு 11 முடிந்து சில மாதங்கள்.

தை மாதம் மகள் பெரியபிள்ளையானாள். மச்சாள்மார் வந்து தண்ணீர் வார்த்தார்கள். பெண்கள் நாவால் எழுப்பும் குரவைச் சத்தம் கேட்டு அடுத்த தெருவில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். அம்மம்மா உளுத்தங்களி கிண்டினார். எதைச் சாப்பிட வேண்டும், துணியை எங்கே காயவைக்க வேண்டும், பாடசாலையில் வயிறு நொந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பெரியம்மாவும் மாமியும் மாறி மாறிச் சொல்லிக்கொடுத்தார்கள். மகன் அந்த இரண்டு கிழமையும் பந்தலுக்குக் கதிரை தூக்கினான், வந்தவர்களுக்குச் சோடா கொடுத்தான். அவனுடைய உடம்பும் அப்போதே மாறத் தொடங்கியிருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

எங்கள் ஊரில் இந்த ஆண்டு வடமோடிக் கூத்துப் பழக்குகிறார்கள். மகனுக்குப் பெண் வேடம். வேடத்துக்குரிய பாட்டு ஏடான சட்டம் கொடுத்த நாளில் அவனுடைய குரல் சல்லாரித் தாளச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. சதங்கை அணிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, தரு என்ற கூத்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து கீழே இறங்கிவிட்டது. ஆடுகளமான களரியைச் சுற்றி நின்ற பெடியன்கள் சிரித்தார்கள். அன்று வந்து படுத்தவன் பிறகு பழக்கத்துக்குப் போகவே இல்லை.

கூட்டாளிகளோடு குளத்துக்குப் போவதையும் விட்டுவிட்டான். வீட்டுக் கிணற்றில் சேட்டைக் கழற்றாமல் குளிக்கிறான். ஒருநாள் கண்ணாடிக்கு முன் நின்று நெஞ்சை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். வற்புறுத்திக் கேட்டதற்கு, முலைக்காம்புக்குக் கீழே கட்டி இருக்கிறது, நோகிறது என்று சொல்லிவிட்டு அழுதான். புற்றுநோயா என்று என்னிடம் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், களுவாஞ்சிகுடிப் பக்கம்

மகள், முதலில் அந்தப் பிள்ளையின் பயத்தைப் போக்குங்கள். இன்றைக்கே போக்குங்கள். அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. கட்டிளமைப் பருவத்தில் ஏறக்குறைய பாதி ஆண்பிள்ளைகளுக்கு முலைக்காம்புக்குக் கீழே சிறிய கட்டி வரும். பொத்தான் அளவில் இருக்கும், சேட்டு உரசினாலும் நோகும். சிலருக்கு ஒரு பக்கத்தில் மட்டும் வரும். ஆண்களின் உடம்பிலும் கொஞ்சம் பெண் ஓமோன் சுரக்கிறது. ஆண் ஓமோன் இன்னும் முழுதாகப் பெருகாத இந்த இடைக்காலத்தில் இரண்டுக்கும் உள்ள அளவு மாறுவதால் அப்படி நடக்கிறது. ஆறு மாதத்தில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் தானாகவே கரைந்துவிடும். அழுத்திப் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். கட்டி விரைவாகப் பெரிதானால், கல்லுப் போல இருந்தால், காம்பில் ஏதாவது கசிந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும், அவன் மனம் தெளியாவிட்டால் ஒருமுறை காட்டுவதில் தவறில்லை. வைத்தியசாலைகளில் ‘யொவுன் பியச’ என்ற இளைஞர் நல நிலையங்கள் இதற்காகவே இருக்கின்றன.

31 ஆண்டுகள் வீடு வீடாக நடந்தவள் நான். பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் எனக்கு ஆள் அனுப்புவார்கள். ஆண்பிள்ளைக்காக ஒரு வீட்டிலும் என்னை அழைத்ததில்லை. காரணம் இருக்கிறது. பெண்ணுக்கு ஒரு நாளைச் சொல்லிக் காட்டலாம், ஆணுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. பெண்பிள்ளைக்கு 8 வயதில் இருந்து 13 வயதுக்குள் மார்பு அரும்பும், அதற்கு இரண்டு, இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகுதான் முதல் மாதவிடாய். ஆண்பிள்ளைக்கு 9 வயதில் இருந்து 14 வயதுக்குள் விதைகள் பெரிதாகத் தொடங்கும். அதை யாரும் காண்பதில்லை. நாம் காண்கிற உயரமும் மீசையும் குரலும் பின்னால்தான் வருகின்றன. ஆகவே நீங்கள் கவனிக்கவில்லை என்று உங்களைக் குறைசொல்லாதீர்கள்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் இந்த வயதில் நடக்கும். அது நோயும் அல்ல, பிழையும் அல்ல. அதனால் உடம்பு இளைக்காது, நரம்பு தளராது. இதை யாரும் சொல்லாததால்தான் பிள்ளைகள் சுவரில் ஒட்டிய மருந்து விளம்பரங்களைப் படித்துப் பயந்துபோகிறார்கள். நீங்கள் சொல்ல வெட்கப்பட்டால் அவன் நம்பும் ஓர் ஆணைக்கொண்டு சொல்லுங்கள்.

பதில்: வாவிக்கரையான்

அக்கா, நானும் 14 வயதில் பெண் வேடம் கட்டியவன். எனக்கும் குரல் உடைந்தது, ஆகவே அந்தப் பிள்ளை எப்படிப் படுத்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

இந்த வயதில் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பழைய பழக்கத்தில் மேலே பாடப் போனால் நாண் பிடிகொடுக்காமல் வழுகிவிடும். சில மாதங்கள் அப்படித்தான் இருக்கும், பிறகு கீழே ஓர் இடத்தில் நிலைத்துவிடும். அதற்குள் தொண்டையை இறுக்கிக் கத்திப் பாட விடாதீர்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் நீங்களே போய்க் கதையுங்கள். என்னுடைய அண்ணாவியார் என்னை நிறுத்தவில்லை. பெண் வேடத்தை என் தம்பி முறைப் பெடியனுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு அரசன் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் வேடத்தைத் தந்தார். ஆட்டம் கூட, பாட்டுக் குறைவு. அரங்கேற்றத்தில் விடியும்வரை ஆடினேன்.

மற்றதை எனக்குச் சொன்னவர் அம்மாவின் தம்பி. ஒரு நாள் இரவு இறால் பிடிக்கத் தோணியில் கூட்டிக்கொண்டு போனார். விளக்கைத் தணித்துவிட்டு, வலையைப் பார்த்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னார். முகத்தைப் பார்த்திருந்தால் நான் வாவியில் குதித்திருப்பேன். நம் ஊரில் குடி என்ற குல உரிமை தாய்வழியில் வருகிறது, தாய்மாமனுக்குப் பிள்ளையில் உரிமை இருக்கிறது. உங்களுக்குத் தம்பி இருந்தால் அழையுங்கள்.

பதில்: சம்மாந்துறை ஆசிரியை

சகோதரி, நான் தரம் 7, 8 பிள்ளைகளுக்குச் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன். இந்தப் பாடம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் அந்தப் பக்கங்களை வீட்டில் வாசியுங்கள் என்று கடந்துபோகும் வழக்கம் இருந்தது. வீட்டில் பாடசாலை சொல்லும் என்று இருக்கிறார்கள். நடுவில் பிள்ளை தனியே நிற்கிறது. எனக்கு இதில் மிகுந்த கவலை.

மகன் இரவில் தூங்காமல் காலையில் எழும்ப மறுக்கிறானா? சோம்பல் என்று ஏசாதீர்கள். இந்த வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலற்றோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணித்தியாலம் பிந்துகிறது. கோபமும் அழுகையும் அப்படித்தான். மூளையில் நிதானத்தைப் பார்க்கும் முன்பகுதி முதிர்ந்து முடிய 25 வயதளவும் ஆகும்.

மகளையும் மறந்துவிடாதீர்கள். சடங்கு முடிந்தாலும் அவள் 11 வயதுப் பிள்ளைதான். விளையாட்டை நிறுத்த வேண்டாம். இனியும் 5 முதல் 7 சென்ரிமீற்றர் வரை வளர்வாள். முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு மாதவிடாய் ஒழுங்காக வராமலும் இருக்கலாம்.

படுவான்கரைத் தாய்

மூன்று பேருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

குடும்பநலப் பெரியம்மா இங்கே எழுதியதை அன்றே அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “பாதிப் பேருக்கா?” என்று இரண்டு தடவை கேட்டான். தம்பி திருக்கோவிலில் இருக்கிறான், சனிக்கிழமை வந்தான். எங்களிடம் தோணி இல்லை, இருவரும் மோட்டார் சைக்கிளில் மண்முனைப் பாலத்துக்குப் போய் மீன் பிடிக்கும் இடத்தில் இருந்துவிட்டு இருட்டிய பிறகு வந்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் மாமனோடு குளத்துக்குப் போனான். திரும்பி வரும்போது சேட்டு தோளில் கிடந்தது.

அண்ணாவியாரையும் கண்டு கதைத்தேன். அடுக்குப் பார்க்க, அதாவது முழு ஒத்திகைக்கு, இன்னும் நாள் இருக்கிறது, அனுப்பிவை என்றார். அவன் இன்னும் சம்மதிக்கவில்லை. பொறுத்துப் பார்க்கிறேன்.

அம்மம்மா ஒன்று கேட்கச் சொன்னார். பேத்திக்குக் கொடுத்ததைப் பேரனுக்கும் கொடுக்கலாமா? உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும். நேற்றே உளுந்து வறுத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்

தாராளமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். வளர்கிற எலும்புக்கும் தசைக்கும் அவனுக்கும் அதே சத்துத்தான் வேண்டும். முட்டையைப் பச்சையாக வேண்டாம், அவித்துக் கொடுங்கள். முருங்கைக்கீரையும் சின்ன மீனும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே சமையுங்கள்.