பத்து வயது ஏ.சி.: காயில் மாற்றுவதா, புதிது வாங்குவதா?

உப்பளத்துவீடு (அக்டோபர் 2025)

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் இருக்கிறோம்; வீட்டுக்குப் பின்னால் உப்பளம். 2015-இல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. தேவைக்குத் தக்கபடி கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை இல்லை, குளிரூட்டும் கேஸ் ஆர்-22. அவுட்டோர் யூனிட் மாடியில் கிழக்கு பார்த்து நிற்கிறது.

ஏப்ரலில் குளிர்ச்சி குறைந்தது. வந்த மெக்கானிக் கேஸ் ஏற்றிவிட்டு 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். இப்போது மறுபடியும் வெறும் காற்றுதான் வருகிறது. அதே மனிதர், "காயில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்) போய்விட்டது, 11,000 ஆகும், கேஸுக்குத் தனி" என்கிறார். கடையிலோ பழையதைக் கொடுத்துவிட்டு 5 ஸ்டார் இன்வெர்ட்டரை 41,000-க்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மாமியார் அறை என்பதால் இரவு முழுவதும் ஓடும், பகலில் இரண்டு மணி நேரம். என் கணவர், "இப்போது வருவதெல்லாம் தகரம், இதை விடக்கூடாது" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். என்ன செய்யலாம்?

வடசேரி

மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைப் பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் இதே கதைதான். ஃபேன் சுற்றும், குளிர் வராது. 400 ரூபாயில் முடிந்தது.

பழைய மெக்கானிக்

வடசேரித் தம்பி சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் கேஸ் ஏற்றி ஆறு மாதம் நன்றாக ஓடி, பிறகு படுத்திருக்கிறது. அது கெப்பாசிட்டரின் குணம் இல்லை.

அம்மா, கேஸ் என்பது ஸ்கூட்டரில் பெட்ரோல் தீர்வதுபோல் தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ ஓட்டை. அதைத் தேடாமல் ஏற்றிய கேஸ் வானத்துக்குத்தான் போகும். உங்கள் 3,200 அங்கேதான் போயிருக்கிறது. இப்போது "காயில்" என்கிறாரே, எந்தக் காயில்? இண்டோரா, அவுட்டோரா? நைட்ரஜன் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்த்தாரா? சோப்பு நுரை வைத்து ஓட்டையைக் கண்ணில் காட்டினாரா? காட்டாமல் 11,000 கேட்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். குழாய் சேரும் நட்டில் கசிந்தால் சில நூறு ரூபாய் வேலை. அவுட்டோரில் ஒரே ஒரு பொட்டு ஓட்டை என்றால் வெல்டிங் வைக்கலாம். அலுமினியத் தகட்டில் விரல் வைத்தால் மாவாக உதிர்கிறது என்றால் ஒன்றை அடைக்க இன்னொன்று திறக்கும்.

ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுப்பது. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அதைப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். பழுதுபார்க்க இன்னும் கிடைக்கிறது என்றாலும், வர வர வாங்குவது சிரமமாகத்தான் ஆகும். "புது ஏ.சி.களில் வரும் ஆர்-32 கேஸை ஏற்றித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் படியேற விடாதீர்கள். அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல், கம்ப்ரஸர் எண்ணெயும் வேறு, போதாதற்குத் தீப்பற்றக்கூடியது. இந்த மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

நாகர்கோவில் கணேசன்

எங்கள் விருந்தினர் அறையிலும் ஆர்-22 தான். பிள்ளைகள் ஊருக்கு வந்தால் மட்டும் ஓடும். போன வருடம் வெல்டிங் வைத்தோம், நன்றாகவே இருக்கிறது. மாதத்தில் நாலு நாள் ஓடுவதற்கு 40,000 போடுவது எனக்குப் பைத்தியக்காரத்தனம்.

உப்பளத்துவீடு

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி வேறு ஒருவரை அழைத்தோம். நைட்ரஜன் ஏற்றினார், முள் நிற்கவே இல்லை. இண்டோரில் ஒன்றும் இல்லை. அவுட்டோர் காயிலில் மூன்று இடத்தில் நுரை கிளம்பியது. என் கணவரே மாடிக்குப் போய்த் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். கையெல்லாம் வெள்ளைப் பொடி. இறங்கி வந்தபின் தகரம் பற்றிப் பேச்சே இல்லை.

பழைய மெக்கானிக்

அப்படியானால் புதிதுதான். கணேசன் சார் வீட்டுக்கு அவர் செய்தது சரி, உங்கள் வீட்டுக்கு ஓட்டம் வேறு. பழைய மெஷின் கம்ப்ரஸர் ஓடும்போது மணிக்கு ஒன்றரை யூனிட்டாவது இழுக்கும். நாளுக்கு ஆறு மணி நேரம் கம்ப்ரஸர் ஓடியது என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 540 யூனிட், ஏ.சி.க்கு மட்டும். 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டோடு 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். நல்ல 5 ஸ்டார் இன்வெர்ட்டர் இதில் மூன்றில் ஒரு பங்கையாவது குறைக்கும். காயிலுக்கும் கேஸுக்கும் போக வேண்டிய பணத்தைக் கழித்துப் பாருங்கள், மிச்சம் நாலைந்து வருடத்தில் கரன்ட் பில்லிலேயே வந்துவிடும்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை, அவரிடம் சொல்லுங்கள். இன்வெர்ட்டரில் பலவீனம், அதை இயக்கும் மின்னணுப் பலகையான பிசிபி போர்டு. உப்புக் காற்றும் பல்லியும் அதற்கு எமன். கம்ப்ரஸருக்குப் பத்து வருட உத்தரவாதம் என்று கடைக்காரர் உரக்கச் சொல்வார். பிசிபிக்கு எத்தனை வருடம் என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அந்த 41,000 பழைய விலையா, புது விலையா? ஸ்டிக்கரில் அச்சிட்ட ஆண்டையும் பாருங்கள். 2022 ஜூலையில் ஸ்டார் தரும் அளவுகோலை இறுக்கினார்கள். அதற்கு முந்தைய 5 ஸ்டார் பல, பிறகு 4 ஸ்டார்தான்.

அவுட்டோரைத் திரும்பவும் கடலைப் பார்த்து வைக்காதீர்கள். வடக்குச் சுவரில் இடம் இருந்தால் அங்கே. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில், குழாயை மெதுவாகத் திறந்து, தகடுகளில் படிந்த உப்பைக் கழுவுங்கள். பொருத்த வருகிற பையன், குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் கொண்டு வருகிறானா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றிவிடலாம் என்பான். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உப்பளத்துவீடு

வடக்குச் சுவரில் மாமியாரின் துளசி மாடம் இருக்கிறது அண்ணாச்சி. மேலே ஏழடி உயரத்தில் ஸ்டாண்ட் அடித்தால் போதுமா?

பழைய மெக்கானிக்

போதும். வெந்நீர் போலக் காற்று அடிக்கும், துளசி மேல் படாத மாதிரி திருப்பி வையுங்கள். ஸ்டாண்ட் துருப்பிடிக்காத இரும்பில் வாங்குங்கள், பெயின்ட் அடித்தது வேண்டாம்.