ராயபுரம் ஆயா வீட்டுக் குழு

கார்த்தி: வெள்ளிக்கிழமை ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரசில் டில்லி போகிறேன். அங்கிருந்து டேராடூன், அப்புறம் சாங்க்ரி. கேதார்கண்டா மலை, 12,500 அடி, நாலு நாள் நடை. யாரிடமாவது முதுகில் மாட்டும் பெரிய பை இருக்கிறதா?

காசிமேடு அத்தை: கேதார்நாத்தா? எனக்குப் பிரசாதம் வேண்டும்

கார்த்தி: அது வேறு அத்தை. இது பனிமலை

அம்மா: போர்வை ரெண்டு, பெட்ஷீட், ஜீன்ஸ் மூணு எடுத்து வைத்தாயிற்று

சேகர் மாமா: அக்கா, ஜீன்ஸை வெளியே எடு. கார்த்தி, பொறுமையாகப் படி. உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏறக்கூடாது. நீ 60 கிலோ, அப்படியானால் 12, அதுவும் தண்ணீரோடு. பருத்தித் துணி வியர்வையைக் குடித்தால் லேசில் காயாது, நடையை நிறுத்தியதும் குளிர் எலும்பைப் பிடிக்கும். பாலியஸ்டர் பனியன் ரெண்டு, கம்பளி சாக்ஸ் மூணு ஜோடி போதும். கனமான சாமான் பையின் நடுவில், முதுகை ஒட்டி இருக்கட்டும். பைக்குள் பெரிய குப்பைக் கவர் விரித்து அதற்குள் துணியை வை, பனி உருகினாலும் நனையாது. குளிரில் போன் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், ராத்திரி கூடவே வைத்துப் படு.

பாபு: மாமா எந்த மலை ஏறினார்?

சேகர் மாமா: திருப்பதி. அலிபிரி வழி, 3,550 படி

காசிமேடு அத்தை: பை யார் முதுகில் இருந்தது, அதையும் சொல்லுங்கள்

பெரியப்பா: பை என்னிடம் இருக்கிறது. பழனி பாதயாத்திரைக்குப் பாபு வாங்கிப் போனது. பை வந்தது, டார்ச் வரவில்லை

காசிமேடு அத்தை: பாபு வாங்கினால் அப்படித்தான்

செல்வி சித்தி: வளைகாப்புக்குப் போன என் அண்டா எங்கே அண்ணி?

அம்மா: இப்போது அது எதற்கு

செல்வி சித்தி: எப்போது கேட்பது?

பாபு: தலையில் மாட்டும் டார்ச் பர்மா பஜாரில் வாங்கித் தருகிறேன். விடுங்கள்

பெரியப்பா: எனக்கா, அவனுக்கா?

கார்த்தி: பெரியப்பா, பையை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளட்டுமா?

பெரியப்பா: ஒரு பட்டி அறுந்திருக்கிறது. பார்க்கலாம்

காசிமேடு அத்தை: கார்த்தி, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு ஒரு கிலோ கிளறிவிட்டேன்

கார்த்தி: அத்தை, டில்லிக்கே ரெண்டு ராத்திரி. மூடியைத் திறந்தால் பெட்டியில் ஒருத்தர் உட்காரமாட்டார். 100 கிராம் போதும்

செல்வி சித்தி: அண்டாவில்தானே கிளறினீர்கள்?

காசிமேடு அத்தை: சரி கார்த்தி, அரை கிலோ. டப்பா எடையைச் சேர்க்காதே