உறழியா, துலக்கியா, வெறும் மருந்தா?

நண்பர்களே,

ஒரு நோயாளர் கையேட்டை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் முடித்துக் கொடுக்க வேண்டும். சிர்ரோசிஸ் வந்த கல்லீரலில் புற்றுக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க, காடோலினியம் ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுப்பது பற்றியது. எம்ஆர்ஐ, 'காந்த ஒத்ததிர்வுப் படிமம்' ஆகிவிட்டது. சிர்ரோசிஸுக்கு 'இழைநார் வளர்ச்சி' என்று போட்டிருக்கிறேன். கான்ட்ராஸ்ட் (படத்தில் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டும் வேறுபாடு, அதற்காகப் போடும் இந்த ஊசி மருந்துக்கும் அதே பெயர்), அப்புறம் வாஷ்அவுட் (முதலில் ஒளிர்ந்த கட்டி பிறகு மங்கித் தெரிவது), இந்த இரண்டிலும்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். 'மாறுபாடு ஊட்டிய' என்று எழுதிப் பார்த்தேன். வாசித்த உறவினர், "ஊட்டம் ஏற்றுவார்களா, குளுக்கோஸ் மாதிரியா?" என்றார்.

*

> கான்ட்ராஸ்ட்

இதற்கு 'உறழ்வு' இருக்கும்போது ஏன் தடுமாற்றம்? உறழ்தல் என்றால் மாறுபடுதல். ஊசியில் போவது 'உறழி'. மூன்றே எழுத்து.

> இழைநார் வளர்ச்சி

இதையும் ஏற்க முடியாது. இழைநார் வளர்வது ஃபைப்ரோசிஸ். அது முற்றி, ஈரல் முழுக்க முடிச்சு முடிச்சாகத் திரள்வதுதான் சிர்ரோசிஸ். பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1819இல் இந்தப் பெயரை வைத்தது நாரைப் பார்த்து அல்ல, நிறத்தைப் பார்த்து. கிரேக்க மூலச்சொல்லுக்குப் பழுப்பு கலந்த மஞ்சள் என்று பொருள். நாமும் நிறத்தாலேயே 'பொன்னீரல்' என்றால் என்ன? கல்லீரல், மண்ணீரல், பொன்னீரல், ஓசையும் ஒத்து வருகிறது.

*

ஐயா, பொன்னீரல் என்றால் நோயாளி பரிசு கிடைத்ததாக நினைத்துக்கொள்வார்.

உறழியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தொல்காப்பிய உவமவியலில் 'உறழ' என்பது அன்ன, ஒப்ப, மான ஆகியவற்றோடு நிற்கும் உவம உருபு. அதாவது 'போல'. வேறுபாட்டைக் காட்டப் போடும் மருந்துக்குப் 'போலி' என்ற சாயலில் பெயர் வைப்பதா?

*

ஒத்துப் பார்த்தால்தானே வேறுபாடு தெரியும்? ஒப்பும் மாறும் ஒரே வேரில் கிடப்பது தமிழின் நுட்பம். எழுத்ததிகாரத்தில் இயல்பாகவும் திரிந்தும் வருவதை 'உறழ்ச்சி' என்பதும் இதனால்தான். வேரை விரித்து நாளை எழுதுகிறேன்.

*

படம் பார்த்து அறிக்கை எழுதும் வேலை எனக்கு. வேரை நாளைக்கே வைத்துக்கொள்ளுங்கள், முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

'சாயம்' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். காடோலினியம் எதற்கும் நிறம் ஏற்றுவதில்லை. படத்தில் அது நேராகத் தெரிவதுகூட இல்லை. பக்கத்தில் இருக்கும் நீரின் புரோட்டான்களைச் சீக்கிரம் பழைய நிலைக்குத் திருப்புகிறது, அதனால் அந்த இடம் பளிச்சென்று தெரிகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குடல் பக்கமிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருவது. ஈரல் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வாழ்வது. ஆகவே மருந்து தமனியில் வரும்போது கட்டி முந்திக்கொண்டு ஒளிரும். சிரை வழி வந்து சேரும்போது சுற்றியுள்ள ஈரல் ஒளிரும், கட்டி மங்கும். இந்த மங்கலைத்தான் வாஷ்அவுட் என்கிறோம்.

இதற்கு 'கழுவிப்போதல்', 'வடிதல்' என்றெல்லாம் போட்டால் தப்பாகிவிடும். காடாக்செட்டேட் என்ற காடோலினிய மருந்தில் ஏறக்குறைய பாதியை ஈரல் செல்கள் தாமே உறிஞ்சிப் பித்தத்தில் விடுகின்றன. சுற்றுப்புறம் அப்படி மேலும் ஒளிர்ந்துகொண்டே போவதாலும் கட்டி இருண்டதுபோலத் தோன்றலாம். கட்டியிலிருந்து எதுவும் வடிந்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்த மருந்து போட்டால் வாஷ்அவுட்டைப் போர்ட்டல் சிரைக் கட்டத்தில் மட்டும் கணக்கில் எடுக்கிறோம். காரணத்தைச் சொல்லும் பெயர் வேண்டாம், கண்ணில் படுவதைச் சொல்லும் பெயர் போதும். என் ஓட்டு 'மங்கல்'.

சிர்ரோசிஸ் முற்றிய ஈரலோ 20 நிமிடம் காத்திருந்தாலும் சரியாக உறிஞ்சாது, படம் முழுக்கச் சோகையாக வரும். மருந்து போட்டாயிற்று, கான்ட்ராஸ்ட் இல்லை! அது மருந்துக்குள் இருக்கும் குணம் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

*

அப்படியானால் 'துலக்கி'? துலங்கு, துலக்கு: தன்வினை, பிறவினை இரண்டும் கைவசம் இருக்கின்றன. கட்டி துலங்குகிறது, மருந்து துலக்குகிறது.

*

பல்துலக்கி ஞாபகம் வருகிறதே. அதோடு, ஈரலை இருட்டாக்கிக் காட்டும் இரும்பு ஆக்சைடு மருந்துகளும் முன்பு இருந்தனவே, அவையும் துலக்கியா?

*

துலங்குதல் என்றால் ஒளிர்வது மட்டும் அல்ல, தெளிவாகத் தெரிவதும்தான். சுற்றுப்புறத்தை இருட்டாக்கினாலும் கட்டி துலங்கும். பல்லுக்கு நான் பொறுப்பில்லை.

*

எல்லோருக்கும் நன்றி. இன்று வெள்ளி. 'துலக்குமருந்து' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'கான்ட்ராஸ்ட் மருந்து என்றும் சொல்வார்கள்' என்று சேர்த்து அனுப்பிவிட்டேன். வாஷ்அவுட் பத்தியையே எடுத்துவிட்டேன், அது நோயாளிக்குத் தேவையில்லை என்றார்கள். இழைநார் வளர்ச்சியை மாற்ற நேரம் இல்லை.

*

உறழியே சரி என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். வேர் விளக்கம் பாதி எழுதியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வரும். பொன்னீரலுக்குக் கிண்டல்தான் வந்தது, மறுப்பு இன்னும் வரவில்லை.