புதுப்பிப்பு: செல்லூர் பெரியம்மாவின் கூழ்வத்தல்
மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: மதுரை செல்லூரில் பெரியம்மாவுக்கு 66 வயது, வருமானம் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை மட்டும்தான், கூழ்வத்தல் போட்டு விற்க வழி உண்டா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வங்கியில் முதல் கேள்வியே வயதுதான். கடன் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீடு வந்து சேரும்வரை பெரியம்மா பேசவே இல்லை. அப்புறம் நீங்கள் சொன்னபடி தெருவிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்ந்தார். குழுவின் சேமிப்பிலிருந்தே 3,000 ரூபாய் உள்கடன் கிடைத்தது. அரிசி, ஜவ்வரிசியைக் கீழமாசி வீதியில் மொத்த விலைக்கு வாங்கினோம். சின்னத் தொழில் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவே போதும். ஓராண்டுக்கு 100 ரூபாய் கட்டினோம். அந்தப் பதிவு எண்ணைப் பாக்கெட்டில் கட்டாயம் போட வேண்டும்.

மாடி ஏறத்தான் முழங்கால் விடவில்லை. இதை நான் யோசிக்காமல் போனது தப்பு. இப்போது குழுவிலுள்ள ஒரு அக்கா விடியற்காலையில் மாடியில் பழைய வேட்டியை விரித்துப் பிழிகிறார். பெரியம்மா கீழே கூழ் கிண்டி உப்பு, காரம் பார்க்கிறார். சாயங்காலம் பாக்கெட் வாயை ரம்பப் பிளேடில் மடித்து மெழுகுவத்தியில் காட்டி ஒட்டுகிறார். ஒன்றுகூடக் கோணலாக இருக்கக் கூடாது அவருக்கு.

போன மாதம் செலவும் தவணையும் போகக் கையில் நின்றது 1,850 ரூபாய். முதல் வேலையாக மூக்குக்கண்ணாடி வாங்கினார், பாக்கெட்டில் தேதி எழுத.

ஐப்பசி மழையில் வத்தல் காயாது. அந்த மாதங்களுக்கு இட்லிப்பொடி சரிவருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.